ரோபோ தேடாது, போன இடத்துக்கே போகும்

கார் ஆலைகளில் ஓடும் ரோபோக்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கார் ஆலை என்றாலே பொறி பறக்க வெல்டிங் செய்யும் ரோபோக் கூட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். அதே ஆலையில் சீட், வயரிங், மேல்விரிப்பு எல்லாம் ஆட்கள்தான் மாட்டுகிறார்கள். கதவை வெல்டிங் செய்யத் தெரிந்த எந்திரத்துக்கு ஒரு வயரைச் சொருகத் தெரியாதா?

பதில்: சொருகத் தெரியும். அந்த வயர் இந்த நொடியில் எங்கே தொங்குகிறது என்பதுதான் தெரியாது.

அச்சில் அடித்த தகடு விறைப்பானது. அதில் இடம் பார்ப்பதற்கென்றே இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று வட்டம், மற்றது சற்றே நீளம். ஃபிக்ஸ்சரில், அதாவது தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் சட்டத்தில், நிற்கும் இரண்டு பின்கள்மேல் அவை இறங்கும். வட்டத் துளை தகட்டை இடத்தில் நிறுத்தும். நீளத் துளை அதைச் சுழலவிடாது. துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும். மேலே கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) மூடியதும் தகடு ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டருக்குள் அதே இடத்தில் இருக்கும். இனி ரோபோ கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். உண்மையில் அப்படித்தான் செய்கிறது.

நடுத்தரக் காரின் உடற்கூட்டில் சுமார் 4,000 முதல் 5,000 ஸ்பாட் வெல்டுகள், அதாவது தகடுகளை அழுத்திக் கரன்ட் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டிய இடங்கள். நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வர வேண்டும் என்றால், உடற்கூடு ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் நேரமும் கிளாம்ப் மூடித் திறக்கும் நேரமும் போக ஒரு ரோபோவுக்கு மிஞ்சுவது 45 விநாடி. கை நகர்வதையும் சேர்த்து ஒரு ஸ்பாட்டுக்கு 3 விநாடி என்று வைத்தால் 15 ஸ்பாட். 4,500ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள், 300 ரோபோ எதற்கு என்பது புரிந்துவிடும்.

வயரிங் வேறு ரகம். பிடித்த இடத்தில் நிற்காது. பெட்டியில் எப்படி மடிந்து வந்ததோ அப்படியே வளைந்து கிடக்கும். கனெக்டர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். தொழிலாளியின் விரல் அதைத் தடவிக் கண்டுபிடித்து, திருப்பி, அழுத்தி, கிளிக் என்று உட்கார்ந்ததையும் உணர்ந்துவிடுகிறது. போதாததற்கு, வெல்டிங் நிலையத்தில் உடற்கூடு அசையாமல் நிற்கும். இறுதிப் பொருத்தல் லைன் பெரும்பாலும் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஊரும் காருக்குள் தலையை நீட்டி, தொங்கும் வயரைத் தேடுவது ரோபோவுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளிலேயே கஷ்டமானது.

முயன்று பார்க்காமல் இல்லை. ஃபோக்ஸ்வாகன் 1983இல் வூல்ஃப்ஸ்பர்க்கில் 54ஆம் கூடம் என்ற பெயரில் கோல்ஃப் காரின் இறுதிப் பொருத்தலில் சுமார் கால் பங்கை எந்திரங்களிடம் ஒப்படைத்தது. அது உலக வழக்கமாகிவிடவில்லை. டெஸ்லா தன் மாடல் 3 காருக்கு அளவுக்கு மீறித் தானியங்கி எந்திரங்களை வைத்தது தவறு என்று எலான் மஸ்க் 2018 ஏப்ரலில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பஞ்சுபோன்ற கண்ணாடியிழை விரிப்பை எடுத்து பேட்டரி மேல் வைக்க அங்கே ஒரு ரோபோ இருந்தது. விரிப்பை அதனால் ஒழுங்காகப் பிடிக்கவே முடியவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த விரிப்பே தேவையில்லை, எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இறுதிப் பொருத்தலிலும் கனமானவை, விறைப்பானவை ரோபோவுக்கு வந்துவிட்டன: கண்ணாடி, சக்கரம், முழு டேஷ்போர்டுத் தொகுதி, அடியிலிருந்து ஏற்றும் பேட்டரி. போல்ட்டின் நுனியைக் கூம்பாக்குவது, துளையின் வாயைச் சரிவாக்குவது போன்ற சின்ன மாற்றங்களைக் காரை வரையும்போதே செய்துவிட்டால் ரோபோவுக்குப் பாதி வேலை குறையும். கார் தயாரான பிறகு ரோபோவிடம் கெட்டிக்காரத்தனத்தை எதிர்பார்ப்பது செலவுக்கு வழி.

கேள்வி: பாடி ஷாப்பில் (உடற்கூட்டை வெல்டிங் செய்யும் பகுதி) பயிற்சியில் இருக்கிறேன். ஒரு நிலையத்தில் மட்டும் பொறி அதிகமாகச் சிதறுகிறது. சில ஸ்பாட்டுகள் உளியால் நெம்பினால் பிரிந்துவிடுகின்றன. கரன்ட்டைக் கூட்டினால் பொறி கூடுகிறது, குறைத்தால் ஒட்டுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கரன்ட்டைத் தொடாமல் தொடங்குங்கள். பேனலில் மாற்ற எளிது என்பதால் எல்லோரும் முதலில் கைவைப்பது அந்த எண்ணில்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குற்றம் அங்கே இல்லை.

முதலில் டிப், அதாவது வெல்டிங் கன் தகடுகளை இருபுறமும் அழுத்திக் கரன்ட் பாய்ச்சும் தாமிர முனை. புது டிப்பின் முகம் 6 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியதில் காளான்போல் விரிந்து 7 மி.மீ. ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடிவிட்டது. அதே கரன்ட் பரந்து பாய்வதால் அதன் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஒட்டாமல் போக இதுவே போதும். துத்தநாகம் பூசிய தகட்டில் இன்னொரு தொல்லை உண்டு. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில், அதாவது எஃகு உருகுவதற்கு வெகு முன்பே, உருகிவிடும். தாமிர டிப்போடு கலந்து பித்தளைத் தோல் போர்த்தும். பித்தளை தாமிரம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. டிப் சூடாகும், தகட்டில் ஒட்டிக்கொள்ளும், ரோபோ கையை எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும்.

அதனால்தான் 200, 300 ஸ்பாட்டுக்கு ஒருமுறை டிப் டிரஸ்ஸிங், அதாவது கட்டரால் டிப்பின் முகத்தைச் சீவுவது. சீவி முடித்த டிப்பைப் பாருங்கள். முகம் முழுக்கப் புதுத் தாமிர நிறம் தெரிய வேண்டும். நடுவில் மஞ்சள் அல்லது கறுப்புத் திட்டு, ஓரத்தில் பிசிறு நின்றால் கட்டர் மழுங்கியிருக்கிறது. அல்லது டிப் கட்டருக்குள் நேராக இறங்கவில்லை. இன்னொரு சுலபமான சோதனை: வெள்ளைத் தாளையும் கார்பன் தாளையும் சேர்த்து வைத்து, கரன்ட் இல்லாமல் கன்னை மூடுங்கள். வட்டமாக அச்சு விழுந்தால் சரி. பிறைபோல் விழுந்தால் மேல் டிப்பும் கீழ் டிப்பும் நேர்க்கோட்டில் இல்லை.

அடுத்தது இடைவெளி. 0.8 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு 2 முதல் 2.5 கிலோ நியூட்டன் அழுத்தம் வழக்கம். தகடுகள் விலகி நின்றால் அந்த அழுத்தத்தில் பாதி அவற்றை நெருக்கி மூடவே செலவாகிவிடும். மிச்ச அழுத்தம் உருகிய உலோகத்தைக் கட்டிவைக்கப் போதாமல் பொறியாக வெளியேறுகிறது. ஒரு நிலையத்தில் மட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் எங்கள் சந்தேகம் இங்கேதான். கிளாம்பை மூடிவைத்து ஸ்பாட் விழும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். கிளாம்ப் அடியில் பழைய பொறித் துகள் ஒட்டி உயர்ந்திருக்கும், லொகேட்டர் பின் தேய்ந்திருக்கும், அல்லது அச்சிலிருந்தே தகடு முறுக்கி வந்திருக்கும். ஸ்பாட் தகட்டின் விளிம்பை ஒட்டி விழுந்தாலும், கன் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நின்றாலும் இதே கதை.

மூன்றாவது, சர்வோ கன்னில் (மோட்டாரால் மூடித் திறக்கும் கன்) பலர் மறக்கும் விஷயம்: தேய்மானக் கணக்கு. டிப் சீவச் சீவக் குட்டையாகிறது. சீவிய பிறகு கன் ஒருமுறை வெறுமனே மூடி எவ்வளவு குறைந்தது என்று அளந்து ரோபோவுக்குச் சொல்ல வேண்டும். டிப்பைக் கையால் மாற்றிவிட்டு அந்த அளவைப் புதுப்பிக்காமல் ஓட்டினால், நிலையான பக்கத்து டிப் தகட்டைத் தூக்கும் அல்லது தொடாமல் நிற்கும். இரண்டிலும் தகடு வளையும்.

பிறகு டிப்பைக் குளிர்விக்கும் தண்ணீர். டிப்புக்குள் போகும் சிறு குழாய் டிப்பின் அடிவரை எட்ட வேண்டும். குட்டையாக வெட்டிப் போட்டிருந்தால் தண்ணீர் பாதியிலேயே திரும்பிவிடும். உள்வரும் ஹோஸும் வெளிச்செல்லும் ஹோஸும் மாறியிருந்தாலும் ஓட்ட மீட்டர் சரியாகவே காட்டும். டிப் மட்டும் கொதிக்கும்.

இவை எல்லாம் சரியென்றால் அப்போது கரன்ட்டுக்கு வாருங்கள். பூச்சுள்ள 0.8 மி.மீ. தகடு இரண்டுக்கு 9 முதல் 10 கிலோ ஆம்பியர், 0.2 விநாடி என்பது தொடங்க ஏற்ற அளவு. உள்ளே உருகி உறைந்த நக்கெட்டின் விட்டம் குறைந்தபட்சம், மி.மீ.இல் தகட்டுத் தடிமனின் வர்க்கமூலத்தைப்போல் 4 மடங்கு இருக்க வேண்டும், 0.8க்கு அது சுமார் 3.6 மி.மீ. பிரித்துப் பார்க்கும்போது ஒரு தகட்டிலிருந்து பொத்தான்போல் பிய்ந்து வந்தால் நல்ல வெல்டு. வழவழவென்று பிரிந்தால் அது ஒட்டவே இல்லை. முன் போட்ட ஸ்பாட்டுக்கு மிக நெருக்கமாக அடுத்ததைப் போட்டால் கரன்ட்டின் ஒரு பகுதி பழைய வெல்டு வழியாகவே ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: விடுமுறையில் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தியிருந்தோம். திரும்பவும் போட்டபோது ரோபோ தன் நிலையையே மறந்துவிட்டதாக அலாரம் வந்தது. கன்ட்ரோலர் போய்விட்டதா?

பதில்: பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கை மின்சாரம் இல்லாதபோது காப்பது அந்தச் சிறு பேட்டரி. தீரும் முன்பே எச்சரிக்கை வந்திருக்கும். யாரோ அதை அழுத்தி மறைத்திருப்பார்கள்.

இப்போது ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக நகர்த்தி, உடலில் செதுக்கியிருக்கும் பூஜ்ஜியக் குறிகள் நேராகும் இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூஜ்ஜியம் பதிவு செய்ய வேண்டும். கண்ணால் பொருத்தியது துல்லியமாக இருக்காது. அதனால் உடனே ப்ரோகிராமை ஓட்டிவிடாதீர்கள். கூர்முனை ஒன்றை ஆதாரப் புள்ளியில் வைத்துச் சரிபார்த்து, குறைந்த வேகத்தில் ஒவ்வொரு வெல்டுப் புள்ளியாக நடத்திப் பாருங்கள். அடுத்த முறை பேட்டரியை மாற்றும்போது எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கன்ட்ரோலருக்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றுகிற அந்த ‘ஜாக்கிரதை’தான் பல இடங்களில் இந்த வினையைக் கொண்டுவருகிறது.

கேள்வி: கையேட்டில் 0.05 மி.மீ. துல்லியம் என்று போட்டிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் தயாரித்த ப்ரோகிராமை ஏற்றினால் கன் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. எது பொய்?

பதில்: இரண்டும் உண்மை. 0.05 என்பது திரும்பிவரும் துல்லியம்: கற்றுக்கொடுத்த இடத்துக்கு ஆயிரம் தடவை போனாலும் அவ்வளவுக்குள் வந்து நிற்கும். நீங்கள் கேட்பது வேறு. எக்ஸ், ஒய், இசட் எண்களாகச் சொன்ன ஓர் இடத்துக்கு, முன்பின் போகாமல், சரியாகப் போய் நிற்பது. கைகளின் உண்மை நீளம், பற்சக்கரப் பெட்டியின் நெகிழ்வு, கன்னின் எடையால் வரும் தொய்வு எல்லாம் அதில் சேரும். அளவு சரிசெய்யாத பெரிய ரோபோவில் சில மில்லிமீட்டர் பிழை சாதாரணம்.

வரிசையாகச் செய்யுங்கள். கன்னின் எடையையும் எடைமையத்தையும் சரியாகப் பதியுங்கள். இதை ஊகமாகப் போட்டுவிட்டால் பின்னால் எதுவும் சரிவராது. அடுத்து டிப் முனை எங்கே இருக்கிறது என்பதை, ஒரே கூர்முனையைக் குறைந்தது நான்கு வேறு சாய்வுகளில் தொட்டுக் கற்றுக்கொடுங்கள். பிறகு ஃபிக்ஸ்சரில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஃபிக்ஸ்சர் ரோபோவுக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பதியுங்கள். வரைபடத்தில் உள்ள இடத்தில் அது நிற்பதே இல்லை. கடைசியில் மிஞ்சும் சின்ன வித்தியாசத்தைப் புள்ளி புள்ளியாகத் திருத்தலாம். முதலிலேயே புள்ளிகளைத் திருத்த உட்கார்ந்தால் ஃபிக்ஸ்சரை ஒருமுறை நகர்த்தியதும் எல்லாம் வீண்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். 2.5 மீட்டர் ஃபிக்ஸ்சர் 15 டிகிரி சூடேறினால் 0.45 மி.மீ.

கேள்வி: ஒவ்வொரு ரோபோவும் 99.9 சதவீத நேரம் ஓடுகிறது என்று அறிக்கை சொல்கிறது. ஆனாலும் லைன் இலக்கைத் தொடுவதில்லை. அறிக்கையில் தில்லுமுல்லா?

பதில்: இல்லை, பெருக்கல். நூறு ரோபோக்கள் வரிசையில் நின்று, ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும் என்றால் 0.999ஐ நூறு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 90.5 சதவீதம். மணிக்கு 60 கார் லைன் 54 கார் தரும். ஒவ்வொன்றும் 99.5 சதவீதம்தான் என்றால் லைன் 61 சதவீதத்துக்கு விழுந்துவிடும்.

லைனை 25 ரோபோக்கள் கொண்ட நான்கு துண்டுகளாக்கி, நடுவே சில உடற்கூடுகள் காத்திருக்க இடம் விட்டால், ஒரு துண்டு நின்றாலும் மற்றவை கொஞ்ச நேரம் ஓடும். துண்டு ஒவ்வொன்றும் 97.5 சதவீதம், இடைநிறுத்த இடம் போதுமானதாக இருந்தால் லைனும் அதை நெருங்கும். எவ்வளவு இடம்? வழக்கமான நிறுத்தம் 3 நிமிடம் என்றால், நிமிடத்துக்கு ஒரு கார் லைனில் குறைந்தது 3 உடற்கூடுகள். அரை மணி நேர நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்கக் கட்டடம் போதாது; அதைப் பராமரிப்பில்தான் குறைக்க வேண்டும்.

நிறுத்தங்களின் பட்டியலைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ரோபோவின் பெயரில் எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி ‘தகடு இருக்கிறதா’ என்று பார்க்கும் சென்சார் சிக்னல் வராதது, கிளாம்ப் முழுதாக மூடாதது போன்றவையாக இருக்கும். பொறி தெறித்து முகம் கருகிய சென்சாருக்குத் தாமிரத் தகட்டில் ஒரு மறைப்பு போட்டால் அதுவே பல நிமிடங்களை மீட்டுத் தரும்.

கேள்வி: ரோபோவில் முதலில் போவது மோட்டாரா, கியரா?

பதில்: இரண்டும் இல்லை, மேலே சுற்றியிருக்கும் கேபிளும் ஹோஸும். மணிக்கு 60 கார், காருக்கு 15 ஸ்பாட், நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 18,000 தடவை மணிக்கட்டு திரும்புகிறது. அத்தனை தடவையும் கேபிள் முறுக்கி அவிழ்கிறது.

அறிகுறி எளிது: கோளாறு வரும், ரீசெட் செய்தால் போய்விடும், ஆனால் ஒவ்வொரு முறையும் கை ஒரே கோணத்தில் இருக்கும்போது வரும். உள்ளே கம்பி முறிந்து, அந்தக் கோணத்தில் மட்டும் விலகுகிறது. கேபிளைப் பூட்டும்போது கை நேராக நிற்கும் நிலையில் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. ப்ரோகிராமில் மிகவும் திரும்பும் நிலைக்குக் கொண்டுபோய் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பாருங்கள். ஆறாவது அச்சு, அதாவது மணிக்கட்டின் கடைசி மூட்டு, ஒரு ஸ்பாட்டுக்கு 200 டிகிரி இப்படியும் அடுத்ததற்கு 200 டிகிரி அப்படியும் சுற்றினால் ப்ரோகிராமை மாற்றி எழுதுங்கள். கேபிளின் ஆயுளை அது தீர்மானிக்கிறது. முழுத் தொகுதியாக ஒன்றைத் தயாராக வைத்திருந்து இடைவேளையில் மாற்றுவது, லைனை நிறுத்தி ஒவ்வொரு கம்பியாகத் தேடுவதைவிட மேல்.

கியர்ப் பெட்டிக்குக் கிரீஸ் போடும்போது ஒன்று: பழைய கிரீஸ் வெளியேறும் துளையைத் திறந்துவைக்காமல் பம்ப் அடித்தால் சீல் பிதுங்கி, கிரீஸ் மோட்டாருக்குள் போய்விடும். வெளிவரும் கிரீஸில் இரும்புத் துகள் எவ்வளவு என்று அளந்து வைத்தால் கியர் தேய்வது மாதங்களுக்கு முன்பே தெரியும்.

கேள்வி: தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு உள்ளே போய்ச் சரிசெய்தால் போதாதா? 10 விநாடி வேலைதானே.

பதில்: போதாது. நீங்களாவது பொத்தானை அழுத்துகிறீர்கள். பலர் ரோபோ சும்மா நிற்பதைப் பார்த்து அதையும் செய்யாமல் கையை விடுவார்கள். அது நின்றுவிடவில்லை, சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. கோணலான தகட்டை நீங்கள் தட்டிச் சரிசெய்த அந்த நொடியில் சென்சார் தகட்டைப் பார்க்கும், சிக்னல் போகும், கிளாம்ப் மூடும், கை கிளம்பும். அந்த விபத்தைக் கிளப்பியது உங்கள் கையேதான்.

1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஃபிளாட் ராக்கில் உள்ள ஃபோர்டு வார்ப்பு ஆலையில், பாகங்களை எடுக்க அடுக்குக்குள் ஏறிய ஒரு தொழிலாளி இயந்திரக் கை மோதி இறந்தார். ரோபோவால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது.

எமர்ஜென்சி ஸ்டாப்பை வெளியிலிருந்து இன்னொருவர் விடுவிக்கலாம். அது காற்றழுத்தத்தையும் எல்லா இடத்திலும் வெளியேற்றாது. கிளாம்புகளுக்குள் அழுத்தம் நிற்கும். எனவே: நிலையத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கி, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வையுங்கள். காற்று வால்வை மூடி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தூக்கி நிற்கும் பாரம் எதுவானாலும் முட்டுக்கொடுங்கள். பிரேக்கை நம்பி அடியில் போகக்கூடாது. கடைசியாக, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி எதுவும் அசையவில்லை என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு.

கற்றுக்கொடுப்பதற்காக மின்சாரத்தோடு உள்ளே இருக்க வேண்டியிருந்தால், வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாத கைமுறை நிலையில் மட்டும். பெண்டன்ட்டின் (ரோபோவை இயக்கக் கையில் பிடிக்கும் பெட்டி) பின்னால் உள்ள அனுமதிச் சுவிட்சுக்கு மூன்று நிலை: விட்டால் நிற்கும், மிதமாகப் பிடித்தால் ஓடும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும். அதை டேப் சுற்றிக் கட்டிவைக்கும் பழக்கம் எங்கேயாவது கண்ணில் பட்டால் அன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபோட்டுக்கு வேலியே வேண்டாமாமே?

பதில்: கைக்கு வேண்டாமாக இருக்கலாம், அது என்ன பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பி.எம்.டபிள்யூ. தன் ஸ்பார்டன்பர்க் ஆலையில் 2013இல் கதவின் உட்புற ஈரத்தடுப்புத் தாளை அழுத்தி ஒட்ட இந்த வகையை வைத்தது. உருளையால் அழுத்தும் வேலை, மெதுவானது, கூர்மை இல்லாதது. அதே கைக்குக் கூரான தகட்டைப் பிடிக்கக் கொடுத்தால் அது கத்தி பிடித்த கை. 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15066 ஆவணம் உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தனித்தனியாகச் சொல்கிறது. அந்த வரம்புக்குள் ஓட்டினால் வேகம் வெகுவாகக் குறையும். நிமிடத்துக்கு ஒரு கார் லைனில் அது கட்டுப்படியாகிறதா என்று வாங்கும் முன்பே கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: முன்கண்ணாடிக்கு ரோபோதான் பசை போடுகிறது. ஆனாலும் சில கார்களில் தண்ணீர்ச் சோதனையில் கசிகிறது. கசிவு பெரும்பாலும் மூலையிலோ, கீழ்ப்பக்கம் ஒரே இடத்திலோ வருகிறது.

பதில்: இடமே காரணத்தைச் சொல்கிறது. மூலையில் திரும்ப ரோபோ வேகத்தைக் குறைக்கும். பம்ப் அதே வேகத்தில் பசையைத் தள்ளினால் மூலையில் குவியும், திரும்பி முடுக்கும்போது மெலியும். பசையின் ஓட்டம் கையின் வேகத்தைப் பின்பற்ற வேண்டும். அந்த சிக்னல் போய்ச் சேரும் தாமதத்தையும் ப்ரோகிராமில் ஈடுகட்ட வேண்டும்.

கீழே ஒரே இடம் என்றால் அங்கேதான் பசை தொடங்கி முடிகிறது. முடிவு தொடக்கத்தின்மேல் கொஞ்சம் ஏறிப் படிய வேண்டும். இடைவெளி விட்டாலும் கசியும், மலைபோல் குவித்தாலும் கண்ணாடி அங்கே தூக்கி நின்று பக்கத்தில் கசியும். இணைப்பை மூலையில் வைக்காமல் நேர்ப்பகுதியில் வையுங்கள்.

பசை முக்கோண வடிவில் விழுவது நாசிலின் வாயில் உள்ள ‘வி’ வெட்டால். அந்த வெட்டு எப்போதும் நகரும் திசைக்குப் பின்புறம் பார்க்க வேண்டும். நாசிலை மாற்றும்போது 10 டிகிரி திரும்பிவிட்டாலே முக்கோணம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். யூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. லைன் நின்று மறுபடி கிளம்பும்போது நாசில் முனையில் தோல் கட்டியிருக்கும். முதல் கண்ணாடிக்கு முன் கொஞ்சம் பிதுக்கி எறியாவிட்டால் அந்தத் தோல் பசைக்குள் போய் உட்காரும். நிறுத்தத்துக்குப் பிறகு வரும் முதல் காரில் மட்டும் கசிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: வெள்ளி நிறக் காரில் பம்பர் மட்டும் வேறு சாயலாகத் தெரிகிறது. பெயின்ட் ஒன்றுதானே?

பதில்: பெயின்ட் எண் ஒன்று, பூசிய இடம் வேறு. உடற்கூட்டை சுமார் 140 டிகிரியில் சுடுவார்கள். பிளாஸ்டிக் பம்பர் அதைத் தாங்காது என்பதால் வேறு கலவையில் பூசி, 80, 90 டிகிரியில் தனியாகச் சுடுவார்கள். அலுமினியத் துகள்கள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பதுதான் சாயல். தெளிப்பான் வேகமாகச் சுழன்றால் துளி நுண்ணியதாகி, வந்து விழும்போதே பாதி உலர்ந்திருக்கும். நிறம் வெளிறித் தெரியும். ஈரமாக விழுந்தால் கறுத்துத் தெரியும். எனவே நேரே நின்று ஒப்பிடாமல், பல கோணங்களில் கருவி வைத்து அளந்து, சுழல்வேகத்தையும் ஓட்டத்தையும் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: எந்திரம் டார்க் சரி என்று பச்சை விளக்கு காட்டிய போல்ட் எப்படித் தளர்வாக இருக்க முடியும்?

பதில்: டார்க் என்பது திருப்பும் எதிர்ப்பு, இறுக்கம் அல்ல. போல்ட் கோணலாக ஏறி மரை சிக்கினாலும், துளைக்குள் பெயின்ட் இருந்தாலும் எதிர்ப்பு வந்துவிடும். எந்திரம் 110 நியூட்டன் மீட்டரைப் பார்த்துப் பச்சை காட்டும். போல்ட்டின் தலை தகட்டைத் தொட்டே இருக்காது. அதனால் கோணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலை உட்கார்ந்த பின் வழக்கமாக எத்தனை டிகிரி திரும்பி முடிகிறது என்பதை நல்ல சில நூறு போல்ட்டுகளில் பதிந்து, அதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வையுங்கள். குறைவாகத் திரும்பி டார்க் வந்தால் மரை சிக்கல். அதிகமாகத் திரும்பியும் வரவில்லை என்றால் மரை தேய்ந்திருக்கிறது அல்லது நடுவே ஏதோ நசுங்குகிறது.

கேள்வி: கார் ஆலையில் முதல் ரோபோ எது?

பதில்: யூனிமேட். ஜார்ஜ் டெவல் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜோசஃப் எங்கல்பெர்கர் அதைத் தொழிலாக்கினார். 1961இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. வெல்டிங் அல்ல, அச்சிலிருந்து சூடான வார்ப்புகளை வெளியே எடுப்பது.

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி ஆண்டு. ரோபோ ப்ரோகிராமிங் வகுப்பில் சேரலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி அல்ல. பெண்டன்ட்டில் புள்ளி பதிவது சில வாரங்களில் கைவந்துவிடும். ஆலையில் ஆள் கிடைக்காமல் தேடுவது, பி.எல்.சி. (லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) லாஜிக்கைப் படித்து எந்த சிக்னலுக்காக லைன் நிற்கிறது என்று சொல்லக்கூடியவரை, மின், காற்றழுத்த வரைபடங்களைப் படிப்பவரை, ஃபிக்ஸ்சரைப் புரிந்தவரை. கடைசியதை இன்றே தொடங்கலாம். ஏதாவது ஒரு தகட்டுப் பாகத்தை எடுத்து, அதை அசையாமல் நிறுத்த எங்கே மூன்று புள்ளி தாங்கல், எங்கே இரண்டு, எங்கே ஒன்று வைப்பீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு கிளாம்பை எங்கே வைப்பீர்கள் என்று போடுங்கள்: தாங்கலுக்கு நேர் மேலேயா, நடுவிலா? நடுவில் வைத்தால் தகடு வளையும்.